ஒரு கிரெடிட் எவ்வளவு என்று மட்டும் கேட்டுச் சேராதீர்கள்

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் எனும் இரண்டு வருடக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு, மிச்சத்தை வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் முடிக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, “ஒரு கிரெடிட் எவ்வளவு?” என்றுதான். (கிரெடிட் என்பது ஒவ்வொரு பாடத்தையும் முடித்தால் சேரும் அளவு; கட்டணமும் பெரும்பாலும் அதை வைத்துத்தான்.) பணம் வீணாவதும் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. இளங்கலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். அதில் உங்களுக்கு இன்னும் எத்தனை பாக்கி என்பதுதான் கணக்கு.

உங்களிடம் 84 கிரெடிட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிரெடிட்டுக்கு 320 டாலர் வாங்கும் காலேஜ் அதில் 60-ஐ மட்டும் எடுத்துக்கொண்டால், பாக்கி 60-க்கு 19,200 டாலர். 400 டாலர் வாங்கும் காலேஜ் 84-ஐயும் எடுத்துக்கொண்டால், பாக்கி 36-க்கு 14,400 தான். சதர்ன் நியூ ஹாம்ப்ஷயர் போன்ற பல்கலைக்கழகங்கள் வேறு இடத்தில் படித்த கிரெடிட்டை 90 வரை ஏற்கின்றன. தாமஸ் எடிசன், எக்ஸெல்சியர், சார்ட்டர் ஓக் மூன்றும் பல இடங்களில் படித்துச் சேர்த்த கிரெடிட்டோடு வருபவர்களுக்குப் பேர்போனவை.

அடுத்த தவறு, ‘ஏற்றுக்கொண்டோம்’ என்ற வார்த்தையை அப்படியே நம்புவது. என் அக்கா மகள் அக்கவுண்டிங் படிக்க ஒரு ஆன்லைன் காலேஜில் விண்ணப்பித்தபோது, 64 கிரெடிட்டும் ஏற்கப்பட்டதாகத் தாள் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தால், அவள் ஏற்கெனவே முடித்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ‘எலெக்டிவ்’ (விருப்பப் பாடம்) பத்தியில் கிடந்தது. கீழே, இனி படிக்க வேண்டிய பாடங்களில் அதே ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மறுபடியும் இருந்தது. கிரெடிட்டை ஏற்பது வேறு, பட்டத்துக்குத் தேவையான பாடத்தின் இடத்தில் அதை வைப்பது வேறு. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கையில், ஒரு காலேஜிலிருந்து இன்னொன்றுக்கு மாறிப் போகும் மாணவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டை இழந்ததாக மதிப்பிட்டிருந்தது. எத்தனை வருட உழைப்பு!

வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் மாதிரி ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம் வாங்கும் இடங்களை மற்றவற்றோடு நேரடியாக ஒப்பிடவும் கூடாது. வேகமாக முடிப்பவருக்கு அது மிக மலிவு. கைக்குழந்தையும் இரவு ஷிஃப்ட்டுமாக இருப்பவருக்கு ஒவ்வொரு ஆறு மாதமும் செலவு ஏறும்.

அங்கீகாரத்தை விளம்பரத்தில் பார்க்காமல் அமெரிக்கக் கல்வித் துறையின் தரவுத்தளத்தில் பாருங்கள். நர்சிங் என்றால் அந்தப் படிப்புக்கே தனி அங்கீகாரம் இருக்கிறதா என்பதும் முக்கியம். பெல் கிராண்ட் (வசதி குறைந்த மாணவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசு தரும் உதவித்தொகை) வாழ்நாளில் 12 செமஸ்டர் அளவுக்குத்தான் கிடைக்கும். முன்பு வாங்கியதும் அதில் சேரும். நம்மவர்களுக்கு ஒன்று: வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் ஹெச்-4 விசாவில் படிக்கலாம், ஆனால் மத்திய அரசின் உதவித்தொகை கிடையாது. எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் முழுக்க ஆன்லைன் படிப்பை நம்பி அங்கே தங்க முடியாது.

சரி, அக்கா மகள் விஷயத்துக்கு வருகிறேன். பணம் கட்டுமுன் அட்வைசரிடம் பேசி, பழைய சிலபஸை அனுப்பினாள். வாரவாரியாக என்ன நடத்தினார்கள், எந்தப் பாடப்புத்தகம் என்பதெல்லாம் அதில் இருந்தது. இரண்டு வாரத்தில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சரியான இடத்துக்கு மாறி, திருத்திய தாள் எழுத்தில் வந்தது. அதற்குப் பிறகுதான் கட்டணம் கட்டினாள்.