ஏற்காட்டுல இருந்து பத்திரமா இறங்குறது எப்படி

சேலத்துல இருந்து ஏற்காட்டுக்கு ஏறும்போது எல்லாரும் உஷாரா தான் இருப்பாங்க, முதல் தடவ வர்றவங்க ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கிட்டே வருவாங்க, மொத்தம் 20. திரும்ப இறங்கும்போது அந்த பயம் போயிடும், "அதான் வந்த ரோடு தானே"னு ஒரு தைரியம் வந்துடும். வண்டிய பொறுத்தவரைக்கும் ஏத்தத்த விட இறக்கம் தான் ஆபத்து. 2024 ஏப்ரல் 30 அன்னிக்கு ஏற்காட்டுல இருந்து சேலத்துக்கு இறங்குன ஒரு தனியார் பஸ் இதே ரோட்டுல கவுந்து உயிர்ச்சேதம் ஆச்சு, சேலத்துக்காரங்க யாரும் அத மறந்திருக்க மாட்டாங்க. கார்ல போறவங்க, பைக்ல போற பசங்க, குடும்பத்தோட வேன் புடிச்சு போறவங்க எல்லாரும் படிக்கணும்னு தான் இத எழுதுறேன்.

முதல்ல இறங்குற நேரத்த முடிவு பண்ணுங்க, அதுவும் காலைல கிளம்புறப்பவே. பெரும்பாலும் என்ன நடக்குதுன்னா ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில்னு சுத்திட்டு கடைசியா மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு முடிக்கிறப்ப இருட்டிடும், பனி இறங்க ஆரம்பிச்சிருக்கும், ஓட்டுறவருக்கு கால் வலி தூக்கம் எல்லாம் சேர்ந்திருக்கும், பின்னாடி இருக்கவங்க "சீக்கிரம் போலாம், நாளைக்கு ஸ்கூல் இருக்கு"ம்பாங்க, அப்ப எடுக்குற ஒவ்வொரு முடிவும் அவசர முடிவா தான் இருக்கும். வெளிச்சம் இருக்கும்போதே அடிவாரம் வந்துடற மாதிரி பிளான் பண்ணுங்க, ஒரு பாயிண்ட் பாக்காம விட்டா ஒன்னும் குறையாது, அடுத்த மாசம் கூட போய்க்கலாம், நம்ம ஊரு தானே.

அடுத்தது நியூட்ரல். இத பத்தி கொஞ்சம் விவரமா சொல்லியே ஆகணும், ஏன்னா இன்னும் எத்தனையோ பேர் "இறக்கம் தானே, இன்ஜின ஆஃப் பண்ணி விட்டா பெட்ரோல் மிச்சம்"னு நம்பிக்கிட்டு இருக்காங்க. இப்ப வர்ற இன்ஜெக்ஷன் வண்டில கியர்ல போட்டு ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தாலே பெட்ரோல் சப்ளை தானா கட் ஆயிடும், சக்கரம் தான் இன்ஜின சுத்த வைக்கும். அதனால நியூட்ரல்ல போட்டு மிச்சம் பண்றதுக்கு அங்க ஒன்னுமே இல்ல. போறது தான் நிறைய. கார்ல இன்ஜின் ஆஃப் ஆனா பிரேக் பூஸ்டருக்கு (நம்ம மிதிக்கிற அழுத்தத்த பெருக்கி குடுக்குற பாகம்) உதவி நின்னுடும், ரெண்டு மூணு மிதிக்கு அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும், பவர் ஸ்டியரிங்கும் இறுகிடும். சாவிய முழுசா திருப்பி எடுத்துட்டா ஸ்டியரிங்கே லாக் ஆகவும் வாய்ப்பிருக்கு. வளைவுக்கு முன்னாடி அப்படி ஆச்சுன்னா நினைச்சு பாருங்க.

பிரேக் ஏன் சூடாகுதுனு ஒரு கணக்கு சொல்றேன். அடிவாரத்துக்கும் மேல ஊருக்கும் சுமார் ஆயிரம் மீட்டர் உயர வித்தியாசம். ஒரு பைக், அதுல ரெண்டு பேர், மொத்தம் 250 கிலோனு வெச்சுக்கங்க, அவ்ளோ வெயிட்டு ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிவர்ற சக்தி சுமார் எட்டு லிட்டர் தண்ணிய கொதிக்க வைக்கப் போதும். அதுல கொஞ்சம் காத்துலயும் டயர்லயும் போகும், மிச்சத்த ஒன்னு இன்ஜின் தாங்கணும் இல்ல பிரேக் தாங்கணும். நீங்க நியூட்ரல்ல விட்டா மொத்தமும் அந்த சின்ன டிஸ்க், ரெண்டு பேடு மேல தான். ரொம்ப சூடானா அந்த பேடோட பிடிப்பு குறையும், பிரேக் ஆயில் கொதிச்சு உள்ள ஆவி குமிழ் வந்துடும், லிவர அழுத்துனா பஞ்சு மாதிரி உள்ள போகும், வண்டி நிக்காது. பிரேக் ஆயில் காத்துல இருக்க ஈரத்த இழுத்துக்கும், பழசாக ஆக கொதிக்கிற சூடு குறைஞ்சுட்டே வரும். டாட் 4ங்கிற ரக பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது 230 டிகிரி வரைக்கும் தாங்கணும், ஈரம் ஏறிட்டா தர அளவுப்படியே 155 டிகிரிக்கு வந்துடுது. வருஷக்கணக்கா ஆயில் மாத்தாத வண்டினா மலைக்கு போறதுக்கு முன்னாடி மெக்கானிக் கிட்ட சொல்லி மாத்திடுங்க, பெரிய செலவு இல்ல.

அப்ப எப்படி இறங்கணும்? ஏறுறப்ப எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்குங்க, செங்குத்தா இருந்தா அதுக்கும் ஒன்னு கீழ. ரெண்டாவது கியர்ல இன்ஜின் உறுமுனா பயப்படாதீங்க, வண்டிய அது தான் பிடிச்சு வெச்சிருக்கு. ஆட்டோமேட்டிக் கார் வெச்சிருக்கவங்க டி-லயே விட்டுட்டு இறங்காம எல், 2, இல்ல மேனுவல் மோடு, எது இருக்கோ அதுக்கு மாத்திக்கங்க. பிரேக்க லேசா மிதிச்சுக்கிட்டே வராதீங்க, வளைவுக்கு முன்னாடி நேர் ரோட்டுலயே அழுத்தமா பிடிச்சு ஸ்பீட குறைச்சுட்டு முழுசா விட்டுடுங்க, அந்த இடைவெளில தான் அது ஆறும்.

ஸ்கூட்டர்காரங்களுக்கு தனியா சொல்லணும். கியர் இல்லாத ஸ்கூட்டர்ல ஆக்சிலரேட்டர முழுசா விட்டுட்டு மெதுவா உருண்டா உள்ள கிளட்ச் விட்டுடும், இன்ஜின் பிடிப்பே இருக்காது, நியூட்ரல்ல போற மாதிரி தான். வண்டி சும்மா ஓடுதுனு தெரிஞ்சா லேசா ஒரு ஆக்சிலரேட்டர் குடுங்க, கிளட்ச் பிடிச்சுக்கும், அப்புறம் மூடுங்க, இப்ப இன்ஜின் இழுத்து பிடிக்கும். ரெண்டு பிரேக்கையும் சேத்து பிடிங்க. ஸ்கூட்டர்ல மூணு பேரா மட்டும் தயவுசெஞ்சு இறங்காதீங்க, சட்டத்துக்காக சொல்லல, அந்த பிரேக் அவ்ளோ வெயிட்டுக்கு செஞ்சது இல்ல.

கருகுற நாத்தம் வந்தா அடுத்த அகலமான இடத்துல நிறுத்திடுங்க. வளைவுலயே நிறுத்தாதீங்க. சூட்டோட சூடா டிஸ்க் மேல தண்ணி ஊத்தக் கூடாது, கோணிக்கும், அரைமணி நேரம் தானா ஆறட்டும். டயருக்கு முட்டு குடுக்க ரோட்டோரம் கிடக்கிற கல்ல எடுத்து வெப்போம் இல்ல, கிளம்புறப்ப அந்த கல்ல எடுத்து ஓரமா போட்டுட்டு போங்க. பாதி பேர் அப்படியே விட்டுட்டு போயிடறாங்க, பின்னாடி வளைவுல திரும்பி வர்ற பைக்காரனுக்கு இருட்டுல அது தெரியவே தெரியாது. எனக்கு இந்த ரோட்டுல ரொம்ப கோவம் வர்ற விஷயம் இது தான்.

கீழ இருந்து ஏறி வர்ற வண்டிக்கு தான் முதல் வழி. பஸ் ஏறி வந்தா வளைவுக்கு நல்லா முன்னாடியே நின்னுடுங்க, அதுக்கு திரும்ப ரோடு முழுசும் வேணும், நீங்க உள்ள நுழைஞ்சுட்டா ரெண்டு பேரும் மாட்டிக்குவீங்க. வளைவுல ஹாரன், பனில லோ பீம், ஹை பீம் போட்டா வெள்ளையா சுவரு தான் தெரியும்.

இப்ப மனுஷங்க விஷயம், இது தான் கஷ்டம். கூட வந்தவன் குடிச்சிருக்கான், "மாப்ள, நான் ஸ்டெடி"ங்கிறான். அங்க நின்னு வாதம் பண்ணாதீங்க, சாவிய வாங்கி பாக்கெட்டுல போட்டுக்கங்க, ரூம் எடுங்க, இல்லனா வண்டிய அங்கயே விட்டுட்டு பஸ் ஏறி சேலம் வந்துடுங்க, காலைல போய் எடுத்துக்கலாம். வாடகை வேன்ல டிரைவர் வேகமா போறாருனா நேரா "ஏன் இவ்ளோ ஸ்பீடு"னு கேட்டா சிலருக்கு ரோஷம் வரும், "அண்ணே, பாப்பாவுக்கு வாந்தி வருது, கொஞ்சம் நிறுத்துங்க"ன்னு சொன்னா உடனே நிறுத்துவாங்க, நிறுத்துனதுக்கு அப்புறம் வீட்டுப் பெரியவங்க யாராச்சும் பக்கத்துல போய் நிதானமா பேசட்டும். வெளியூர்ல இருந்து ராத்திரி முழுக்க ஓட்டிட்டு வந்த டிரைவர்னா நீங்க ஏரில போட்டிங் போற நேரத்துல அவர தூங்க விடுங்க, கூடவே கூட்டிட்டு சுத்தாதீங்க, சாப்பாடும் வாங்கி குடுங்க.

கோயில் விசேஷம், கல்யாணம்னா மினி லாரிலயும் சரக்கு ஆட்டோலயும் ஆள ஏத்திட்டு மலை ஏறுற பழக்கம் இன்னும் இருக்கு. ஊர்ல யாராச்சும் ஒருத்தர் அத தடுத்தே ஆகணும். நின்னுக்கிட்டு வர்ற ஆளுங்க வளைவுல ஒரே பக்கம் சாஞ்சா வண்டியே சாயும், பிடிக்க கம்பி இருக்காது, சரக்கு வண்டில போனவங்களுக்கு இன்சூரன்ஸ்ல பணம் வாங்குறதும் பெரிய போராட்டம். ஆளுக்கு கொஞ்சம் சேத்து போட்டா ஒரு பஸ்ஸே பேசிடலாம், வசூல் பண்றவங்க நோட்டீஸ் அடிக்கிறப்பவே பஸ் செலவையும் சேத்துக்கங்க.

அப்படியும் பிரேக் பிடிக்கலனா, பெடல வேகவேகமா பம்ப் பண்ணுங்க, கியர ஒவ்வொன்னா குறைங்க, ஹேண்ட் பிரேக்க கொஞ்சம் கொஞ்சமா இழுங்க, ஒரேயடியா இழுத்தா பின்சக்கரம் லாக் ஆகி சுத்திடும். எதுவும் கேக்கலனா பள்ளத்துப் பக்கம் போகாம மலைப் பக்கம் ஒட்டி உரசி நிறுத்துங்க, வண்டி அடிபட்டா படட்டும். யாராச்சும் விழுந்து கிடக்கிறத பாத்தா நிறுத்தி 108க்கு அடிங்க, உதவி பண்றவங்களுக்கு 2019ல மோட்டார் வாகன சட்டத்துலயே பாதுகாப்பு சேத்துட்டாங்க, பேரு விலாசம் குடுனு போலீஸ் கட்டாயப்படுத்த முடியாதுனு 2020ல விதியும் வந்துடுச்சு. இடம் கேட்டா "ஏற்காடு ரோடு"னு மட்டும் சொல்லாதீங்க, வளைவுக்கு வளைவு நம்பர் போட்டிருக்கும், எத்தனாவது வளைவுக்கும் எத்தனாவது வளைவுக்கும் நடுவுலனு சொல்லுங்க, அடிவாரம் வழியா வர்ற ரோடா, இல்ல ஏற்காட்டுக்கு இருக்க இன்னொரு வழியான குப்பனூர் ரோடாங்கிறதையும் சேத்து சொல்லுங்க.