ஒரே கொல்லையில் மூன்று அளவு உரம்: ராகிக்கு நான் போடும் முறை

பாலக்கோடு பக்கம் எங்கள் கொல்லை ஒன்றரை ஏக்கர். மேலே சரளை, நடுவில் செம்மண், கீழே வண்டல் படிந்த பள்ளம். மூன்றுக்கும் ஒரே கணக்கில் யூரியா வீசியதில் மேட்டு ராகி வெளுத்துப்போனது, பள்ளத்து ராகி கதிர் பிடித்ததும் சாய்ந்துவிட்டது.

1. பிரியுங்கள். மழை பெய்த மறுநாள் நடந்து பாருங்கள். எங்கே முதலில் காய்கிறது, எங்கே கால் புதைகிறது என்று தெரியும். முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டுங்கள். எனக்கு வந்தது மேடு 60 சென்ட், நடு 65, பள்ளம் 25.

2. மண் மாதிரி. நான் தவறியது இங்கேதான். கொல்லை முழுக்கச் சுற்றி எடுத்த மண்ணை ஒரே பையில் போட்டு மண் பரிசோதனைக்குக் கொடுத்தேன். மண்வள அட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 'நடுத்தரம்' என்று வந்தது. சத்தில்லாத மேடும் சத்து மிகுந்த பள்ளமும் கலந்தால் அப்படித்தான் வரும்! ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பை வேண்டும். பகுதிக்குப் பத்து இடத்தில் 'V' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டி எடுங்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குழி பக்கம் வேண்டாம். நிழலில் உலர்த்தி, கலந்து, அரைக்கிலோ கொடுத்தால் போதும். மண்ணில் குத்திப் பார்க்கும் மலிவு மீட்டரை நான் நம்புவதில்லை.

3. கணக்கு. எக்டருக்குத் தழைச்சத்து 280 கிலோவுக்குக் கீழ் என்றால் குறைவு, 450-க்கு மேல் என்றால் அதிகம். குறைவுக்குச் சிபாரிசில் கால் பங்கு கூட்டுங்கள், அதிகத்துக்குக் கால் பங்கு கழியுங்கள். இறவை ராகிக்கு (தண்ணீர் பாய்ச்சுவது) சிபாரிசு எக்டருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 60:30:30 கிலோ. தழைச்சத்தில் பாதி அடியுரம் (பயிர் வைக்குமுன் போடுவது), மீதி மேலுரம் (பயிர் வளரும்போது போடுவது). மேலுர யூரியா சென்ட்டுக்கு மேட்டில் 325 கிராம், நடுவில் 260, பள்ளத்தில் 195. மூன்றும் சேர்த்து 41 கிலோ சொச்சம், ஒரே அளவில் போட்டால் 39. ஆக, 45 கிலோ மூட்டை ஒன்றேதான், போய்ச் சேரும் இடம்தான் மாறுகிறது.

4. எடை போடுங்கள். படியால் அளக்காதீர்கள். ஒரு படி டிஏபி உரம், ஒரு படி யூரியாவை விடக் கனம். தொங்கு தராசுதான் என் விருப்பம். ஐந்து சென்ட்டுக்கு ஒரு பை வீதம் முன்னாலேயே கட்டிவிடுங்கள்: மேட்டுக்கு 1.6 கிலோ, நடுவுக்கு 1.3, பள்ளத்துக்கு ஒரு கிலோ. பைகளில் வேறு வேறு நிறத்துணி கட்டினால் ஆட்கள் மாற்றிப் போட மாட்டார்கள். கொஞ்சம் யூரியாவைப் பரவலாக வீசுவது கஷ்டம், ஈர மணல் கலந்துகொள்ளுங்கள். களை எடுத்த கையோடு, மண் ஈரமாக இருக்கும்போது வீசுங்கள்.

சரளையில் சத்து சீக்கிரம் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். அதனால் மேட்டுப் பங்கை மட்டும் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டாகப் பிரித்துப் போடுகிறேன்.

பின்சேர்க்கை: சொட்டுநீரில் தக்காளி வைத்த ஒருவர், உரத்தொட்டி ஒன்றுதானே, எப்படிப் பிரிப்பது என்று கேட்டார். பகுதிக்கு ஒரு வால்வு வையுங்கள். மற்றதை அடைத்துவிட்டு, அந்தப் பகுதிக்கு எடை போட்ட உரத்தை மட்டும் கரைத்து விடுங்கள். அது முடிந்ததும் பத்து நிமிடம் வெறும் தண்ணீர் ஓடட்டும், அப்புறம் அடுத்த வால்வைத் திறக்கலாம்.