வாசனையைக் கொண்டு பூச்சிகளை அடக்க முயல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களக்காட்டுப் பக்கம் ஓர் ஏத்தன் வாழைத் தோட்டத்தில், தார் வெட்டிச் சில நாட்களாகியிருந்த தண்டொன்றைப் புரட்டியபோது, புளித்த வாடை வீசிய வெட்டுவாயின் அடியில் கறுத்த கூன்வண்டுகள் ஏழெட்டு ஒட்டிக்கிடந்தன. அந்த வாடைதான் அவற்றை அழைத்து வந்திருந்தது. தண்டை ஒன்றரை அடித் துண்டுகளாக்கி, நெடுக்குவாட்டில் பிளந்து, பிளந்த பக்கம் மண்ணில் படும்படி வைத்து, அடிக்கடி புரட்டி வண்டுகளைப் பொறுக்கி அழித்தால் அது நல்ல பொறி. அப்படியே போட்டுவிட்டாலோ, வண்டு அதிலேயே முட்டையிட்டுப் பெருகிப் பக்கத்து மரங்களுக்கு ஏறிவிடும். அழைத்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணுவதே நான் மிகுதியாகக் காணும் தவறு.

பாவூர்சத்திரம், ஆலங்குளம் பகுதிகளில் தக்காளிக்கு ஊடே கேந்தி என்னும் செண்டுமல்லியை நடுவோர் பலர், அதன் வாசனை காய்ப்புழுவை விரட்டும் என்று நம்புகிறார்கள். உண்மையில் கேந்தி தாய் அந்துப்பூச்சியைத் தன்பக்கம் இழுத்து, தக்காளியில் வைக்க வேண்டிய முட்டையைத் தன்மேல் வைக்கச் செய்கிறது. ஆகவே தக்காளி பூக்கும்போது கேந்தியும் பூத்திருக்க வேண்டும். 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசையாக, 25 நாள் தக்காளி நாற்றோடு 45 நாள் கேந்தி நாற்றை நடச் சொல்வது இதனால்தான். இரண்டையும் ஒரே நாளில் விதைத்துவிட்டுப் பிறகு கேந்தியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. புழு தென்படும் பூக்களை உடனே பறித்து அழித்துவிட வேண்டும்.

மாந்தோப்பில் பலன் தந்த மெத்தில் யூஜினால் என்னும் வாசனைப் பொருள் வைத்த பொறியைப் பாகல், புடலைப் பந்தலிலும் தொங்கவிடுவது வேறு வகைத் தவறு. துளசியிலும் உள்ள அந்த மணம் மாம்பழ ஈயின் ஆண்களை இழுக்கும். பந்தல் காய்களைத் துளைக்கும் ஈக்குக் கியூ லூர் என்னும் வேறொரு வாசனைப் பொருள்தான் வேண்டும். இரண்டிலும் விழுபவை ஆண் ஈக்களே என்பதால், சொத்தைக் காய்களைப் பொறுக்கி ஆழப் புதைக்கும் வேலையையும் விட்டுவிடக் கூடாது.

நன்மை செய்யும் பூச்சிகளின் விஷயத்தில் பொறுமைதான் பெரிதும் தேவைப்படுகிறது. புழு கடித்து அதன் உமிழ்நீர் பட்ட இலை, கத்தியால் கீறிய இலை விடும் வெறும் பச்சை வாடையோடு நில்லாமல், வேறொரு மணக்கலவையையும் வெளியிடுகிறது. புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவி அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு வந்து புழுவைக் கண்டடைகிறது. முதல் ஓட்டையைக் கண்டதுமே மருந்தடித்தால், வந்துகொண்டிருக்கும் குளவியும் சேர்ந்து சாகும். தாமிரபரணிப் பாசன வயல்களின் வரப்பில் தட்டைப்பயறும் எள்ளும் விதைப்பது அக்குளவிகளுக்குத் தேன் கிடைக்கத்தான். வரப்புச் செதுக்கும்போது பூத்த செடிகளையும் செதுக்கிவிட்டால், வந்தவை தங்கமாட்டா. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் மேல்காற்றை எதிர்த்து அந்தச் சிறு உயிர்களால் பறக்க முடியாது என்பதால், காய்கறித் தோட்டமாயின் மேற்கு ஓரத்தில் அகத்தியை நெருக்கி விதைத்து, பூப்பயிரை அதன் மறைவில் வைக்க வேண்டும்.