வாட்ச் வாங்கும்போது விட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள்

ஆன்லைனில் வாட்ச் பார்க்கும்போது எல்லோரும் 40 மி.மீ., 42 மி.மீ. என்று விட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியம், ஸ்ட்ராப் மாட்டும் மேல் முனையிலிருந்து கீழ் முனை வரை உள்ள நீளம். முதலில் உங்கள் மணிக்கட்டின் தட்டையான மேற்பகுதியை ஸ்கேலால் அளந்து கொள்ளுங்கள். அந்த அகலத்தை வாட்சின் நீளம் தாண்டினால், முனைகள் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும்.

செய்கோ (Seiko) நிறுவனத்தின் எஸ்கேஎக்ஸ்007 வாட்சின் விட்டம் 42.5 மி.மீ. கேட்கப் பெரிதுதான். ஆனால் முனைக்கு முனை சுமார் 46 மி.மீ.தான், சுற்றியுள்ள தடித்த வளையமும் டயலைச் சுருக்கிக் காட்டும். ஒல்லிக் கைக்கும் பொருந்திவிடும். வளையம் மெல்லியதாக இருந்தால் நேர்மாறு: 38 மி.மீ. கூட பெரிதாகத் தெரியும். வெள்ளை டயலும் அப்படித்தான், கறுப்பைவிடப் பெரிதாகக் காட்டும்.

அப்புறம் முட்களைப் பாருங்கள். நிமிட முள் ஓரக் கோடுகளைத் தொடாமல் பாதியில் நின்றால், எவ்வளவு விலை கொடுத்தாலும் ஏதோ குறைவது போலவே இருக்கும். கறுப்பு டயலில் வெள்ளைத் தேதிப் பட்டை எனக்குப் பிடிப்பதில்லை. சிலருக்கு அதுதான் வாசிக்க வசதி.