ஈவென்டிங் லாயத்தில் குரூம் வேலை: புதிதாக வருகிறவர்களுக்கு

கிண்டி ரேஸ் லாயத்தில் வேலை பழகி, இப்போது சென்னை ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் குரூமாக, அதாவது குதிரை பராமரிப்பு ஆளாக, ஈவென்டிங் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறேன். புதுப் பையன்களுக்கு வாயால் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரேஸ் குதிரை பார்த்தவருக்கும் இது புது வேலை. ஈவென்டிங்கில் ஒரே குதிரை, ஒரே போட்டியில் மூன்றும் செய்தாக வேண்டும். டிரெஸாஜில் சொன்ன பேச்சு கேட்டு அடக்கமாக நடக்க வேண்டும், கிராஸ் கன்ட்ரியில் மரக்கட்டை, பள்ளம், தண்ணீர் எல்லாம் தாண்டி ஓட வேண்டும், அதன் பிறகு ஷோ ஜம்பிங்கில் கம்பு விழாமல் குதிக்க வேண்டும். பெங்களூர் ஃபுவாத் மிர்சா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கியதும், டோக்கியோ ஒலிம்பிக்கில் 23-ஆவதாக வந்ததும் செய்னியூர் மெடிகாட் என்ற ஒரே குதிரையின் மேல்தான். செய்தியில் வீரர் பெயரும் குதிரை பெயரும் வந்தன. இடைப்பட்ட மூன்று வருடமும் தினம் விடிகாலையில் அந்தக் குதிரையின் கால்களைத் தடவிப் பார்த்தவர்கள் பெயர் வரவில்லை. நம்முடைய வேலை அதுதான்.

காலை நாலரைக்கு லாயத்தில் இருங்கள். உடனே தீனி வாளியைத் தூக்காதீர்கள். முதலில் கதவுக்கு வெளியே நின்று பாருங்கள். ராத்திரி போட்ட புல்லில் எவ்வளவு மீதி? தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது? சாணம் எத்தனை இடத்தில், உருண்டையாகவா, இளகலாகவா? மரத்தூள் படுக்கை கலைந்து கிடந்தால் ராத்திரி உருண்டிருக்கிறது, வயிற்று வலியாக இருக்கலாம். போன கோடையில் ஒரு பையன், “சுல்தான் சும்மாதாண்ணே நிக்குறான், தூக்கக் கலக்கம்”னான். “தண்ணித் தொட்டிய பாத்தியாடா?”ன்னு கேட்டேன். தொட்டி முழுசாக அப்படியே இருந்தது. சுல்தான் ராத்திரியில் முக்கால் தொட்டி காலி பண்ணுகிற குதிரை. தெர்மாமீட்டர் வைத்தால் 103. டாக்டர் வந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார், சர்ரா. பெரும்பாலும் மழைக்காலத்திலும் அதை ஒட்டியும் பெரிய ஈக்கள் கடித்துப் பரப்புகிற நோய் அது. காய்ச்சல் விட்டுவிட்டு வரும், பிறகு காலும் அடிவயிறும் வீங்கும், உடம்பு உருகும். அன்றைக்கே பிடித்ததால் குதிரை பிழைத்தது.

உங்கள் குதிரையின் சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். புத்தகக் கணக்கு சொல்கிறேன்: ஓய்வில் உடம்புச் சூடு 99-லிருந்து 101 ஃபாரன்ஹீட், நாடி நிமிடத்துக்கு 28-லிருந்து 44, மூச்சு 8-லிருந்து 16. ஆனால் உங்கள் குதிரையின் கணக்கு நோட்டில் இருக்க வேண்டும். ஒரு குதிரைக்கு 30 தான் வழக்கம் என்றால், அதற்கு 44 என்பதே சேதி. நாடி பார்க்க, தாடை எலும்பின் உள்பக்க ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். நூல்கயிறு மாதிரி ஒன்று விரலுக்கடியில் வழுக்கும். அதை எலும்போடு லேசாக அழுத்தி 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், உங்கள் நாடியையே எண்ணிவிடுவீர்கள். ஈறை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். விலாவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் காது வைத்துக் கேளுங்கள், குடல் உறுமிக்கொண்டே இருக்கும். சத்தமே இல்லையென்றால் தீனியை எடுத்துவிட்டு டாக்டருக்குப் போன் போடுங்கள்.

கடற்கரைப் பக்க லாயங்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு, மணல். தரையில் போட்ட புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தங்கி வலி கொடுக்கும். இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. தரையில் படாத மேல் சாணத்தில் ஐந்தாறு உருண்டை எடுத்து, வெளிச்சம் ஊடுருவும் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கரைத்து கால் மணி நேரம் வையுங்கள். நார் மிதக்கும், மணல் அடியில் படியும். விரலால் தொட்டால் நறநறக்கிற படிவு கண்டால் சொல்லிவிடுங்கள். படிவே இல்லை என்பதற்காக உள்ளே மணல் இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. புல்லை ரப்பர் பாயின் மேல் போடுங்கள், பாயைத் தினம் கூட்டுங்கள்.

தீனியில் புல்தான் முதல். 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு உலர் கணக்கில் (ஈரத்தைக் கழித்து) குறைந்தது ஏழரை கிலோ புல்லோ வைக்கோலோ உள்ளே போக வேண்டும். ஓட்ஸ், கொள்ளு, தவிடு எல்லாம் அதற்குப் பிறகு, ஒரு வேளைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் தானியம் வேண்டாம். குதிரை மசால் (லூசர்ன் என்கிற தீவனப் பயிர்) நல்லதுதான், ஆனால் கை நிறையக் கொடுத்துவிடாதீர்கள். கொள்ளை ஊறவைத்து வேகவைத்துப் போடுவது நம் ஊர் வழக்கம். எந்த மாற்றம் என்றாலும் ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

சென்னை வெயிலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். குதிரை வியர்வையால்தான் உடம்பைக் குளிர வைக்கிறது, நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அந்த வியர்வை சீக்கிரம் உலராது. ஏப்ரல், மே மாதங்களில் வேலையெல்லாம் ஏழரைக்குள் முடிந்துவிட வேண்டும். வியர்வையில் உப்பு போவது நம்மைவிட அதிகம், அதனால் சும்மா இருக்கும் நாளிலேயே தீனியில் 25, 30 கிராம் உப்பு தேவை. கடின வேலை நாளில் எவ்வளவு கூட்டுவது என்பதை டாக்டரிடம் கேளுங்கள். இன்னொன்று, சில குதிரைகள் இந்த ஊருக்கு வந்த பிறகு வியர்ப்பதையே நிறுத்திவிடும். வேலை முடிந்தும் சேணத்துக்கு அடியிலும் கழுத்திலும் மட்டும் ஈரம், மற்ற இடமெல்லாம் வறண்டிருக்கும், மூக்கு விரிந்து மூச்சு அடங்காது. அதைக் கண்டால் சவாரியை நிறுத்தச் சொல்லும் தைரியம் உங்களுக்கு வேண்டும். சவாரிப் பயிற்சி கொடுக்கும் வாத்தியார் கோபப்படட்டும், பரவாயில்லை.

கிராஸ் கன்ட்ரி முடிந்து குதிரை வந்ததும் நடக்க வேண்டியது இது. வீரர் இறங்கட்டும். மூக்குப் பட்டியையும் வயிற்றுப் பட்டியையும் தளர்த்துங்கள், பிறகு சேணத்தைக் கழற்றுங்கள். இரண்டு பேர், இரண்டு பக்கம், பெரிய டிரம்மில் ஐஸ் போட்ட தண்ணீர், உடம்பு முழுக்கத் தொடர்ந்து ஊற்ற வேண்டும். கழுத்து, தோள், வயிறு, தொடை, நிறுத்தாமல். “சூடா இருக்குற குதிரைக்குப் பச்சத் தண்ணி ஊத்துனா சதை புடிச்சுக்கும்”னு பெரியவர்கள் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். 1996 அட்லான்டா ஒலிம்பிக்குக்கு முன்னால் செய்த ஆராய்ச்சியிலேயே அந்தப் பயம் தேவையில்லை என்று தெரிந்துவிட்டது. மேலே ஈரத் துண்டு போர்த்தி விடுவதுதான் தப்பு, சூடு உள்ளேயே அடைபடும். இடையிடையே சில நிமிடம் நடத்துங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் சூடு எடுங்கள். வந்தவுடன் 104, 105 காட்டும், இறங்கிக்கொண்டே வர வேண்டும். குடிக்கக் கேட்டால் தண்ணீர் கொடுங்கள். கால்களுக்கு ஐஸ் கட்டு 20 நிமிடம்.

கிராஸ் கன்ட்ரிக்கு முன் பிடரியில் போட்ட சடையை அவிழ்த்துவிடுங்கள், தடுமாறும்போது வீரர் பிடித்துக்கொள்ள அதுதான் இருக்கும். லாடத்தில் ஸ்டட் (வழுக்காமலிருக்கத் திருகும் ஆணி) மாட்டும் ஓட்டைகளை முந்தின நாளே சுத்தம் செய்து, எண்ணெய் நனைத்த பஞ்சு அடைத்து வையுங்கள், காலையில் மண் தோண்டி நேரம் வீணாகாது. சேணத்தின் தையல், பக்கிள் எல்லாம் விரலால் இழுத்துப் பாருங்கள்.

அன்று ராத்திரியும் மறுநாள் விடிகாலையும் நான்கு காலையும் உள்ளங்கையால் முழங்காலிலிருந்து குளம்பு வரை தடவுங்கள். வலது காலோடு இடது காலை ஒப்பிடுங்கள். பின்பக்கத் தசைநாரில் எங்கேயாவது வெதுவெதுப்பு, கொஞ்சம் தடிப்பு இருந்தால் அப்போதே சொல்லுங்கள். மறுநாள் ஷோ ஜம்பிங்குக்கு முன் மருத்துவர் முன்னால் குதிரையை ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும் பெரிய போட்டிகளில், அங்கே மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது.

போட்டிக்குப் போனால் கையைப் பற்றி ஒரு கண்டிப்பு. 2008 ஒலிம்பிக் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன. அதில் ஷோ ஜம்பிங் குதிரைகள் சிலவற்றில் காப்சைசின் கண்டுபிடிக்கப்பட்டு, நார்வே அணி வெண்கலத்தை இழந்தது. மிளகாய்க்குக் காரம் கொடுக்கும் பொருள்தான் அது. முட்டி வலிக்கு நாம் தடவும் சில தைலங்களில் அது இருக்கும். தைலம் தடவிய கையோடு குதிரையைத் தொடாதீர்கள். டீ, காபி, சாக்லேட் எதுவும் லாயத்துக்குள் வேண்டாம், காஃபீனும் தடை செய்யப்பட்டதுதான். குதிரைக்கு அன்பாக ஒன்று கொடுக்க ஆசையாக இருந்தால் கேரட் கொடுங்கள்.

பெங்களூருக்குப் பயணம் 350 கிலோமீட்டர் அளவு. வெயில் தாழ்ந்த பிறகு கிளம்புங்கள். தலையை உயரக் கட்டி மணிக்கணக்கில் நிறுத்தினால் மூச்சுக்குழாயில் சேரும் சளி வெளியே வராமல் நுரையீரல் கெடும். வேலூர் பக்கம் ஒரு தரம், கிருஷ்ணகிரி தாண்டி ஒரு தரம் வண்டியை நிறுத்தி, தலையைத் தாழ்த்த விட்டுத் தண்ணீர் காட்டுங்கள். போய்ச் சேர்ந்து மூன்று நாள் காலையும் மாலையும் சூடு எடுங்கள்.

மழைக்காலத்தில் குளம்பை நாளைக்கு இரண்டு தரம் தோண்டிச் சுத்தம் செய்து உலர விடுங்கள். நடுவிலுள்ள பள்ளத்தில் கறுப்பாக, நாற்றமாக வந்தால் அழுகல் ஆரம்பித்துவிட்டது.

டாக்டருக்குப் போன் செய்யும்போது “குதிரைக்கு ஒடம்பு சரியில்ல சார்” என்று நிறுத்திவிடாதீர்கள். சூடு எத்தனை, நாடி எத்தனை, ஈறு என்ன நிறம், கடைசியாகச் சாணம் போட்டது எப்போது, குடல் சத்தம் கேட்கிறதா, எவ்வளவு நேரமாக இப்படி. இந்த ஆறையும் சொன்னால் அவர் கிளம்பும்போதே எதைக் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்துவிடுவார். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால் வண்டியும் ஆளும் யார் என்பதை முன்கூட்டியே எழுதிக் கதவில் ஒட்டி வையுங்கள்.

வேலைக்குச் சேரும்போது கேட்க வேண்டியவை: ஒரு ஆளுக்கு எத்தனை குதிரை, வாரத்தில் ஒரு நாள் விடுப்பு உண்டா, அடிபட்டால் யார் பார்ப்பார்கள். என் கணக்கில் ஒருவருக்கு மூன்று குதிரைதான், அதற்கு மேல் போனால் நான் மேலே சொன்ன தடவுதலும் எண்ணுதலும் நடக்காது. தெருச்செருப்பு வேண்டாம், கனமான ஷூ வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாளுக்கு முன்பே டி.டி. ஊசி போட்டிருக்க வேண்டும், குதிரைச் சாணத்திலும் மண்ணிலும் ரணஜன்னிக் கிருமி இருக்கும். நோட்டும் பேனாவும் சொந்தமாகக் கொண்டு வாருங்கள்.