பிள்ளைக்கு வயிற்றாலை போனால்: உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கும் முறை

முக்கூடல், அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர்களில் 27 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். ஊரில் என்னை நர்சம்மா என்பார்கள். வேலை முடிந்து வீட்டில் இருந்தாலும், வெயில் ஏறித் தாமிரபரணியில் தண்ணீர் குறையும்போதும், முதல் மழையில் குழாய்த் தண்ணீர் கலங்கி வரும்போதும் போன் அடிக்கத் தொடங்கிவிடும். "நர்சம்மா, பிள்ளைக்குக் காலையில இருந்து ஆறு வாட்டி வயித்தால போயிட்டு. என்ன செய்ய?"

அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் முதலில் கேட்பது பிள்ளையின் வயது. இரண்டு மாதம் நிறையாத பச்சைப்பிள்ளை என்றால் இதில் உள்ள வீட்டு வைத்தியம் எதுவும் அதற்கு இல்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை ஒரு நாளைக்கு ஏழெட்டு முறைகூட மஞ்சளாக, இளக்கமாகப் போகும். நன்றாகக் குடித்து, தூங்கி, எடை ஏறினால் அது நோய் இல்லை. ஆனால் வழக்கத்தைவிடத் தண்ணீராகப் போகிறது, அல்லது பால் குடிக்க மறுக்கிறது, தொட்டால்தான் அசைகிறது, உடம்பு சுடுகிறது அல்லது சில்லிட்டிருக்கிறது, மூச்சு நிமிடத்துக்கு 60-க்கு மேல் ஓடுகிறது, நெஞ்சு உள்ளே இழுக்கிறது, வெட்டு (வலிப்பு) வருகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து அணைத்தபடி கிளம்புங்கள். குடிக்க முடிந்தால் வழியில் பால் கொடுங்கள். வசம்பு சுட்டு உரைத்து நாக்கில் தடவுவது, உரை மருந்து ஊற்றுவது எதுவும் வேண்டாம்.

இரண்டு மாதம் தாண்டிய பிள்ளை, விழிப்பாக இருக்கிறது, குடிக்கிறது என்றால் வீட்டிலேயே தொடங்கலாம். தொடங்குவது ஓஆர்எஸ். உப்புச் சர்க்கரைப் பொட்டலம் என்று நம் ஊரில் சொல்வார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும், உங்கள் ஊர் செவிலியரிடமும் காசில்லாமல் கிடைக்கும். மருந்துக் கடையில் வாங்கினால் உறையைத் திருப்பிப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் என்று இருக்க வேண்டும். மொத்தம் 20.5 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு இதுதான். அட்டைப் பெட்டியில் பழரசம் போல விற்கிற இனிப்புத் தண்ணீரை ஓஆர்எஸ் என்று நம்பிக் கொடுத்த தாய்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த அளவுக்குப் பொருந்தாத பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்று போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது. கடைக்காரர் என்ன சொன்னாலும் நீங்கள் உறையைப் படியுங்கள்.

இனி கலக்குவது. இதில்தான் நான் ஒரு முறை தவறினேன்.

ஒரு பீடி சுற்றும் வீடு. சின்ன வயதுத் தாய், ஒன்பது மாதப் பையன். பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "ஒரு லிட்டர் தண்ணியில கலக்கிக் குடு தாயி" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் பையன் தாகத்தில் துடிக்கிறான், எதைக் கொடுத்தாலும் அழுகை நிற்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் பாதிப் பொட்டலத்தைக் கரைத்து வைத்திருந்தாள். "கெட்டியா இருந்தா சத்து கூட இருக்கும்னு நெனச்சேன் நர்சம்மா." அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? லிட்டர் என்று சொன்னேனே தவிர, அவள் வீட்டில் லிட்டர் எது என்று காட்டினேனா? தண்ணீர் குறைந்தால் உப்பு கூடிவிடும். உப்பு கூடினால் அது உடம்பில் இருக்கிற தண்ணீரையும் இழுக்கும், மூளையைப் பாதித்து வெட்டு வரவும் கூடும். உடனே கூட்டிக்கொண்டு போனோம், பையன் தேறிவிட்டான். அதற்குப் பிறகு முதல் பொட்டலத்தை என் கண் முன்னால், அவர்கள் கையால், அவர்கள் வீட்டுப் பாத்திரத்தில் கலக்க வைக்காமல் நான் எந்த வீட்டை விட்டும் கிளம்பியதில்லை.

சரி, எப்படி அளப்பது? செம்பு வீட்டுக்கு வீடு மாறும், அதை நம்பாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைச் சுத்தமாகக் கழுவி அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அரை லிட்டர் பாட்டிலில் இரண்டு முறை. கொதித்து ஆறிய தண்ணீரை அளந்து மூடியுள்ள ஒரு போணியில் ஊற்றி, பொட்டலம் முழுவதையும் கொட்டி, அடியில் தங்காமல் கலக்குங்கள். பாதியை நாளைக்கு என்று மடித்து வைக்காதீர்கள். 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் கடையில் உண்டு. அதற்கு 200 மில்லிதான், லிட்டர் இல்லை. உறையில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. மேற்கொண்டு சர்க்கரை, உப்பு, எலுமிச்சை, பால் எதுவும் சேர்க்கக் கூடாது, திரும்பச் சூடு பண்ணவும் கூடாது. 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

ராத்திரியில் பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. கொடுக்கும் முன் நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கூடுதலாகக் கரித்தால் கொட்டிவிடுங்கள். இது விடியும்வரைக்குத்தான். காலையில் பொட்டலம் வாங்கிவிட வேண்டும்.

கொடுக்கும் அளவு: இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போனதற்கும் 50 முதல் 100 மில்லி, அதாவது 200 மில்லி டம்ளரில் கால் டம்ளரில் இருந்து அரை டம்ளர். இரண்டு வயதுக்கு மேல் அரை டம்ளரில் இருந்து முழு டம்ளர். பால் புட்டியில் ஊற்றாதீர்கள். பாலாடை அல்லது கரண்டி. சின்னப் பிள்ளைக்கு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி, பெரிய பிள்ளை டம்ளரில் மிடறு மிடறாகக் குடிக்கட்டும். வாந்தி எடுத்தால் "தண்ணி ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்று இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். பெரும்பாலும் தங்கிவிடும்.

பொறுமையான வேலை இது. சுளகை மடியில் வைத்துக்கொண்டு, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற தாய்க்கு மூன்று மணி நேரம் கரண்டி பிடிப்பது என்றால் அன்றைய கூலியில் பாதி போச்சு. அது எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த வீடுகளில் ஆச்சியையோ, பள்ளிக்கூடம் விட்டு வந்த அக்காளையோ கூப்பிட்டு அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பேன். ஒன்று மட்டும் கண்டிப்பு: புகையிலைத் தூள் ஒட்டிய கையோடு கரண்டியைத் தொடக் கூடாது. சோப்புப் போட்டு நகக்கண் வரை கழுவிய பிறகுதான்.

வீட்டு ஆள் கரண்டி பிடித்தாலே போதுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1971, வங்கதேசப் போர். அகதிகளால் நிறைந்த மேற்கு வங்காளத்துப் பங்கான் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோகும் நிலை. அங்கே இருந்த மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கலந்து பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே எடுத்துக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4-க்கும் கீழே இறங்கியது. அன்றைக்குக் கிண்ணம் பிடித்தவர்கள் தாய், தகப்பன், அண்ணன், அக்காள். அவருக்கு 2023-ல், இறந்த பிறகு, பத்ம விபூஷண் கொடுத்தார்கள்.

இந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீர் எப்படி வேலை செய்கிறது? கிருமி குடலைக் கெடுத்து உடம்புத் தண்ணீரை வெளியே தள்ளும்போதும், குடலில் ஒரு வாசல் மட்டும் திறந்தே இருக்கிறது. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால் அந்த வாசல் இரண்டையும் உள்ளே விடும், பின்னாலேயே தண்ணீரும் போகும். தனி உப்புத் தண்ணீராலோ தனிச் சர்க்கரைத் தண்ணீராலோ இது நடக்காது. சர்க்கரை மிதமிஞ்சினால் நேர் எதிராக, உடம்புத் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கைக் கூட்டிவிடும். கலர், சோடா, பெட்டி ஜூஸ், வெறும் குளுக்கோஸ் பொடி எல்லாம் வேண்டாம் என்பது அதனால்தான். கடுங்காப்பியும் பிள்ளைகளுக்கு வேண்டாம். உப்புப் போட்ட வடிகஞ்சி, நீர்மோர் நல்லது. இளநீரும் கொடுக்கலாம், ஆனால் அதில் சோடியம் குறைவு, பொட்டலத்துக்கு மாற்றாகாது.

இன்னொன்றும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓஆர்எஸ் போக்கை நிறுத்தாது. போன தண்ணீரைத் திரும்பக் கொடுக்கும், அவ்வளவுதான். "ரெண்டு டம்ளர் குடுத்தும் நிக்கலியே" என்று பயந்துபோய்ப் போக்கை அடைக்கும் மாத்திரை வாங்கிவிடுகிறார்கள். பெரியவர்கள் போடும் அந்த லோப்பரமைடு பிள்ளையின் குடலை அசையாமல் கட்டிப்போட்டுவிடும். ஆண்டிபயாட்டிக்கும் நீங்களாக வாங்கக் கூடாது. பெரும்பாலும் வைரஸால் வருகிற பேதி, அதற்கு ஆண்டிபயாட்டிக் வேலை செய்யாது. ரத்தம் கலந்து போவது, காலரா போன்றவற்றுக்கு மருத்துவர் பார்த்துக் கொடுப்பார்.

ஆச்சிமாரோடு எனக்கு வாக்குவாதம் வந்ததெல்லாம் இதற்கு அடுத்த விஷயத்தில்தான். "குடல் ஏறியிருக்கு, தட்டணும்", "தொக்கம் (தொண்டையில சிக்குனது) எடுக்கணும்", "பாத்து ஓதணும்." ஓதிக் கயிறு கட்டுவதை நான் தடுத்ததில்லை. கட்டுகிற நேரத்திலும் கரண்டி நிற்கக் கூடாது என்று மட்டும் சொல்வேன். ஆனால் பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுவதும், வயிற்றை எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவதும், தொண்டைக்குள் விரல் விடுவதும் ஆபத்து. அதில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

பட்டினி போடுவதும் அப்படித்தான். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், இன்னும் அடிக்கடி கொடுங்கள். பிள்ளைக்கு வயிற்றாலை என்று தாயைப் பத்தியத்தில் வைக்க வேண்டியதில்லை. ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்குக் குழைந்த பருப்புச் சோறு, இட்லி, தயிர்ச் சோறு, வாழைப்பழம் எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நின்ற பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு நேரம் கூடுதலாக ஊட்டினால் இறங்கிய எடை ஏறிவிடும்.

எப்போது கிளம்ப வேண்டும்? பிள்ளை துவண்டு போய்விட்டது, எழுப்பினாலும் விழிக்கவில்லை, குடிக்க முடியவில்லை, எல்லாவற்றையும் வாந்தி எடுக்கிறது, வெட்டு வந்தது, மலத்தில் ரத்தம், கண் குழி விழுந்திருக்கிறது, ஆறு மணி நேரமாக மூத்திரம் இல்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் லேசாகக் கிள்ளித் தூக்கி விடுங்கள். சட்டென்று படிய வேண்டும். மெதுவாகப் படிந்தால் தண்ணீர் குறைந்திருக்கிறது. இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பாக நின்றால் நிலை மோசம், நரம்பில் சலைன் ஏற்ற வேண்டியிருக்கும். அருகில் உள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு 108-ல் போங்கள், தேவைப்பட்டால் அவர்களே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். வழி நெடுக, பிள்ளை விழுங்குகிற மட்டும், கரண்டியால் கொடுத்துக்கொண்டே போங்கள். தாகத்தோடு பறித்துக் குடிக்கிறது, எரிச்சலாக அழுகிறது என்கிற நடுநிலையில் இருந்தால் சுகாதார நிலையத்தில் உட்கார வைத்து, கிலோவுக்கு 75 மில்லி என்று நான்கு மணி நேரத்தில் குடிக்க வைப்பார்கள். எட்டுக் கிலோப் பிள்ளைக்கு 600 மில்லி. "ஊசி போடல, வெறும் தண்ணிதான் குடுக்காக" என்று பாதியில் எழுந்து வந்துவிடாதீர்கள். அந்தத் தண்ணீர்தான் வைத்தியம். 14 நாளைக்கு மேல் நிற்காமல் போனால், பிள்ளை தெளிவாக இருந்தாலும் காட்டியாக வேண்டும்.

கைக்குழந்தை உள்ளவர்கள் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தையும் மறக்காதீர்கள். 6, 10, 14-வது வாரத் தடுப்பூசியோடு அரசு மையங்களில் இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

கடைசியாகத் துத்தநாக மாத்திரை. பொட்டலத்தோடு சேர்த்துத்தான் கொடுப்போம், ஆனால் முக்கால்வாசி வீடுகளில் மூன்றாம் நாள் அதை விட்டுவிடுகிறார்கள். துத்தநாகம் போக்கு நீடிக்கும் நாளைக் குறைக்கும். அதோடு அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்குத் திரும்ப வருவதையும் குறைக்கும். 2004-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இதை ஓஆர்எஸ்ஸோடு சேர்த்துக் கொடுக்கச் சொன்னது அதனால்தான். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்குத் தினம் ஒரு 20 மில்லிகிராம் மாத்திரை, இரண்டில் இருந்து ஆறு மாதம் வரை உள்ள பிள்ளைக்குப் பாதி. கரண்டியில் தாய்ப்பாலோ ஆறிய வெந்நீரோ விட்டால் கரைந்துவிடும். வயிற்றாலை நின்றாலும் 14 நாள் முடிக்க வேண்டும்.

மறந்துவிடும் என்பவர்களுக்கு நான் செய்து கொடுத்த ஏற்பாடு இது. மாத்திரை அட்டையைத் தினசரிக் காலண்டர் மாட்டிய ஆணியில் ஒரு நூலில் கட்டித் தொங்க விடுவேன். காலையில் தேதித் தாளைக் கிழிக்கிற கை, அப்படியே ஒரு மாத்திரையைப் பிதுக்கிக் கரண்டியில் போட வேண்டும்.