பழைய ஆம்ப்ளிஃபயருக்கு மாற்று சுவிட்ச் தேடும்போது

கழற்றும் முன், சுவிட்ச் உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒட்டவைத்து வரும் ஓமைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சுவிட்சின் காண்டாக்ட்டை (உள்ளே தொட்டுக்கொள்ளும் உலோக முனைகளை) சேர்ந்த நிலையில் அளந்து, அந்த ஓமைக் கழித்தால் 0.1 ஓமுக்குள் இருக்க வேண்டும். அமுக்க அமுக்க எண் மாறினால் காண்டாக்ட்டில் உள்ள வெள்ளி கறுத்திருக்கிறது என்று அர்த்தம். காண்டாக்ட் கிளீனர் அடித்து முப்பது தடவை அமுக்குங்கள். பல சுவிட்சுகள் இதிலேயே பிழைத்துவிடும்.

பிழைக்காவிட்டால், ஒவ்வொரு நிலையிலும் சுவிட்சின் எந்தக் கால் (பின்) எதோடு சேர்கிறது என்று மல்டிமீட்டரை பீப் ஒலியில் வைத்துப் பார்த்து ஒரு படம் போடுங்கள். பார்ட் நம்பரைவிட இந்தப் படம்தான் பெரும்பாலும் உதவும். அமுக்கினால் நிற்குமா, திரும்பி வருமா என்றும் எழுதுங்கள். அட்டெனுவேட்டர் சுவிட்சாக (ஒலியைப் படிப்படியாகக் குறைப்பது) இருந்தால் இன்னொன்றும் உண்டு: பழைய தொடர்பு விடுவதற்குள் புதியது சேருகிறதா? அந்த வகைக்குப் பதில் விட்டுச் சேருவதைப் போட்டால் திருப்பும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'டப்' என்று கேட்கும்.

கால் இடைவெளியை வெர்னியரில் அளக்கும்போது பக்கத்துப் பக்கத்துக் கால்களை அளக்காதீர்கள். 2.5 மி.மீ.யும் 2.54 மி.மீ.யும் கண்ணுக்கு ஒன்றுதான். வரிசைக்குப் பன்னிரண்டு கால் என்றால் கடைசியில் 0.44 மி.மீ. தள்ளிப்போகும், போர்டில் இறங்காது. முதல் காலிலிருந்து கடைசிக் கால் வரை அளந்து, இடைவெளிகளின் எண்ணிக்கையால் வகுங்கள்.

பவர் சுவிட்ச் என்றால் உடம்பில் டிவி-5 போன்ற குறியைத் தேடுங்கள். ஓடும்போது 5 ஆம்பியர், போட்ட நொடியில் 78 ஆம்பியர் வரை தாங்கும் என்பது அதன் பொருள். டிரான்ஸ்ஃபார்மரும் பெரிய கெப்பாசிட்டர்களும் முதல் நொடியில் அவ்வளவு இழுக்கும். வெறும் 5 ஆம்பியர் சுவிட்சைப் போட்டால் காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளும்; அப்புறம் ஆஃப் செய்தாலும் ஆஃப் ஆகாது.

இணையத்தில் நம்பரைத் தேடும்போது கடைசி எழுத்துகளை விட்டுவிட்டும் தேடுங்கள். அவை பெரும்பாலும் தண்டின் நீளத்தையோ காலின் வடிவத்தையோதான் குறிக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் பழைய சுவிட்சையே கையில் கொண்டுபோங்கள். டப்பாவிலிருந்து எடுத்துத் தருவது அச்சு அசலாக இருக்கும், ஆனால் அமுக்கினால் நிற்கவைக்கும் லாக் இல்லாமல் போகலாம். கடையிலேயே மீட்டர் வைத்துப் படத்தோடு ஒப்பிடுங்கள். கிடைக்கவில்லையா, அதே கம்பெனியின் வேறு மாடல் ஸ்கிராப் போர்டைப் பாருங்கள். ஒரே சுவிட்சைப் பல மாடல்களில் போட்டிருப்பார்கள்.

ஸ்கிராப்பிலிருந்து எடுக்கும்போது புது ஈயம் சேர்த்து இளக்கி, ஒரு காலில் மூன்று நொடிக்கு மேல் சூடு நிற்காமல் உறிஞ்சுங்கள். பிளாஸ்டிக் இளகினால் கால் சாயும், உள்ளே ஸ்லைடர் இறுகிவிடும்.